நீக்கப் போகும் அந்தக் கோப்புறையில்தான் உங்கள் பில்கள் இருக்கின்றன

கோவை வட்டாரத்தில் பம்பு மோட்டார் உதிரிப்பாகங்களை மொத்த விற்பனை செய்யும் கடையொன்றில் கணக்கு எழுதும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். பி.காம். படித்தவர். கடையில் வேறு ஆள் இல்லாததால் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவர் தலையில் விழுந்திருக்கிறது. பில்லிங் மென்பொருளைக் கொடுத்தவர்கள் 2025 ஜூன் 20 அன்று கடையின் முதன்மைக் கணினியில், பில் தரவுகளைச் சேமிக்கும் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் 2022-இன் எவால்யுவேஷன் (மதிப்பீட்டு) பதிப்பை நிறுவிவிட்டுப் போயிருக்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-உடன் முடியவிருந்ததால், அக்டோபர் 12 ஞாயிறன்று கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றியிருக்கிறார். திங்கள் காலை பில்லிங் திறக்கவில்லை. எவால்யுவேஷன் பதிப்பு 180 நாளில் காலாவதியாகும் என்று ஒரு காணொளியில் கேட்டதும், அதுதான் காரணம் என்று முடிவு செய்து அந்தப் பதிப்பை நீக்கிவிட்டு, இலவசமான எக்ஸ்பிரஸ் பதிப்பை நிறுவ முயன்றிருக்கிறார். மூன்று முறையும் நிறுவல் கடைசிக் கட்டம் வரை போய், 'தரவுத்தள எஞ்சினின் மீட்புக்காகக் காத்திருந்தது தோல்வியடைந்தது' என்ற பொருள்படும் செய்தியோடு நின்றிருக்கிறது.

பழைய பதிப்பின் எச்சங்கள்தான் தடுக்கின்றன என்று நினைத்து, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு விசைகளை அழித்திருக்கிறார். 'எம்எஸ்எஸ்கியூஎல்16' என்று தொடங்கும் பெரிய கோப்புறை ஒன்றும் இன்னும் இருக்கிறது, அதையும் அழித்துவிடலாமா என்று கேட்கிறார். சர்வீஸுக்கு வரும் தம்பி, எல்லாவற்றையும் ஃபார்மட் செய்வதே வழி என்கிறாராம். கையில் இருக்கும் கடைசி பேக்கப் அக்டோபர் 4-ஆம் தேதியினுடையது. 11-ஆம் தேதி பென் டிரைவைச் செருக மறந்ததால் அன்றைய பேக்கப் இல்லை. தீபாவளி நெருங்கும் வாரத்தின் பில்கள் போய்விட்டனவா, முதலாளியிடம் என்ன சொல்வது என்பதுதான் கடிதத்தின் உள்ளிருக்கும் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கோப்புறையைத் தொடாதீர்கள். நீங்கள் எச்சம் என்று எழுதியிருப்பதுதான் உங்கள் கடையின் கணக்குப் புத்தகம். எஸ்கியூஎல் சர்வரை நீக்கும்போது மென்பொருள்தான் போகிறது. மென்பொருளை நீக்கும் நிரல், நீங்கள் உருவாக்கிய தரவுத்தளங்களின் கோப்புகளை அழிப்பதில்லை. அவை அந்தக் கோப்புறைக்குள், 'டேட்டா' என்ற உள் கோப்புறையில் அப்படியே கிடக்கும். பில்லிங் மென்பொருளின் பெயரோடு எம்டிஎஃப் என்று முடியும் ஒரு கோப்பும் (தரவு), எல்டிஎஃப் என்று முடியும் இன்னொரு கோப்பும் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக்) அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை திருத்தப்பட்ட தேதி அக்டோபர் 11 அல்லது 12 என்று காட்டினால், அந்த வாரத்துப் பில்கள் அவற்றுக்குள் இருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். வேறு எதையும் செய்வதற்கு முன், அந்த 'டேட்டா' கோப்புறை முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி மேசை அறையில் வைத்துவிடுங்கள். எல்டிஎஃப் கோப்பு தேவையில்லை, அது தானே உருவாகிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தரவுத்தளம் முறையாக மூடப்பட்டிருந்தால் மட்டுமே அந்தப் பேச்சு செல்லும். உங்களுடையது எப்படி மூடப்பட்டது என்று நமக்குத் தெரியாது.

180 நாள் முடிந்ததா?

உங்கள் கடிதத்தில் உள்ள தேதிகளையே எடுத்துக்கொள்வோம். ஜூன் 20-இலிருந்து அக்டோபர் 12 வரை எண்ணினால் 114 நாள்தான் வருகிறது. 180-ஆவது நாள் டிசம்பர் 17. ஆகவே எவால்யுவேஷன் பதிப்பு காலாவதியானதால் பில்லிங் நின்றது என்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை. இதை ஊகமாக விடவும் வேண்டியதில்லை. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'அப்ளிகேஷன்' பதிவுகளைத் திறந்து, அக்டோபர் 13 காலைப் பதிவுகளில் எஸ்கியூஎல் சர்வர் எழுதியவற்றைப் பாருங்கள். காலாவதியானால் 17051 என்ற எண்ணோடு, மதிப்பீட்டுக் காலம் முடிந்தது என்று அது வெளிப்படையாகவே எழுதிவைக்கும். மென்பொருளை நீக்கிய பிறகும் இந்தப் பதிவுகள் விண்டோஸில் இருக்கும். 17051 அங்கே இல்லையென்றால், அந்தப் பதிப்பை நீக்கவேண்டிய தேவையே எழவில்லை என்று பொருள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. திரையில் 'எவால்யுவேஷன்' என்ற சொல்லைப் பார்த்த எவருக்கும் வரக்கூடிய எண்ணந்தான் உங்களுக்கும் வந்திருக்கிறது.

அப்படியானால் திங்கள் காலை பில்லிங் நின்றதற்கும், பிறகு எக்ஸ்பிரஸ் மூன்று முறை விழுந்ததற்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும். அந்தக் காரணம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்ட விண்டோஸ் 11 மாற்றத்தைத்தான் சொல்கிறேன்.

நிறுவல் ஏன் கடைசிக் கட்டத்தில் விழுகிறது

நிறுவும் நிரல் கோப்புகளைப் பிரதி எடுத்து, சேவையைப் பதிவு செய்த பிறகு, எஞ்சினை ஒருமுறை இயக்கிப் பார்க்கும். மாஸ்டர் என்னும் அடிப்படைத் தரவுத்தளம் திறந்துவிட்டது என்று எஞ்சின் தகவல் கொடுக்கும்வரை காத்திருக்கும். தகவல் வராவிட்டால் நீங்கள் பார்த்த அந்தச் செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். ஆகவே, நிறுவல் தோற்றது என்பதைவிட, நிறுவப்பட்ட எஞ்சினால் எழுந்து நிற்க முடியவில்லை என்பதே சரியான வாசிப்பு. ஏன் முடியவில்லை என்பதை அந்தச் செய்தி சொல்லாது. 'எர்ரர்லாக்' என்ற கோப்பு சொல்லும். எக்ஸ்பிரஸின் கோப்புறைக்குள், 'லாக்' என்ற உள் கோப்புறையில், பின்னொட்டு எதுவும் இல்லாமல் இருக்கும். நோட்பேடில் திறக்கும். நானும் ஒருமுறை ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்து முழு மாலையும் ரெஜிஸ்ட்ரியைக் கிளறிக்கொண்டிருந்தேன். இரவு ஏழு மணிக்குத்தான் இந்தக் கோப்பைத் திறந்தேன். காரணம் அதில் எழுதியிருந்தது.

உங்கள் கோப்பில் இரண்டு வகை வரிகளில் ஒன்றைப் பார்ப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். ஒன்று, லாக்கில் எழுதும் 256 முயற்சிகள் டிஸ்க்கின் செக்டார் (டிஸ்க் தரவை அளந்து எழுதும் சிறு துண்டு) எல்லையோடு பொருந்தாமல் போயின என்று சொல்லும் வரி. மற்றொன்று, மாஸ்டர் கோப்பு 4096 என்ற செக்டார் அளவில் உருவாக்கப்பட்டது, இப்போதோ 16384 அளவுள்ள டிஸ்க்கில் இருக்கிறது, ஆகவே பயன்படுத்த முடியாது என்று சொல்லும் வரி. இது டிஸ்க் பழுதைக் குறிக்கவில்லை. எஸ்கியூஎல் சர்வர் தன் லாக்கை எழுத 512 பைட், 4096 பைட் என்ற இரண்டே படிகளைத்தான் ஏற்கும். சில என்விஎம்இ டிஸ்க்குகள் (வேகமான எஸ்எஸ்டி வகை) உள்ளுக்குள் 8192 அல்லது 16384 என்ற பெரிய படியில் அளக்கின்றன. விண்டோஸ் 10 அந்த உண்மையான அளவை மென்பொருள்களுக்குச் சொல்லாமல் 4096 என்றே காட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 11 உள்ளதை உள்ளபடி சொல்கிறது. டிஸ்க் மாறவில்லை, எஸ்கியூஎல் சர்வரும் மாறவில்லை, நடுவில் இருந்தவர் உண்மை பேசத் தொடங்கியதால் வந்த வினை இது.

உறுதி செய்துகொள்ள ஒரு நிமிடம் போதும். கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து, எஃப்எஸ்யூடில் என்ற விண்டோஸ் கருவியைக் கொண்டு சி டிரைவின் செக்டார் விவரத்தைக் கேளுங்கள். வரும் பட்டியலில் 'ஃபிசிக்கல் பைட்ஸ் பெர் செக்டார்' என்று தொடங்கி 'அடாமிசிட்டி' என்று முடியும் வரியையும், 'பெர்ஃபார்மன்ஸ்' என்று முடியும் வரியையும் பாருங்கள். இரண்டிலும் 4096 இருந்தால் நான் சொன்ன காரணம் தவறு. இரண்டில் எதிலாவது 8192, 16384 என்று இருந்தால் நோய் தெரிந்துவிட்டது.

எந்த வழியில் சரிசெய்வது

மைக்ரோசாஃப்ட் தானே வெளியிட்டிருக்கும் வழி ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்ப்பது. நீங்கள் ஏற்கனவே ரெஜிஸ்ட்ரியில் கை வைத்திருப்பதால் சற்று தயங்குகிறேன். ஆனாலும் இது ஒன்றையும் அழிப்பதில்லை, புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது. முதலில் ரெஜிஸ்ட்ரியை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், ஸ்டோர்என்விஎம்இ, பாராமீட்டர்ஸ், டிவைஸ் என்ற வரிசையில் உள்ளே போய், 'ஃபோர்ஸ்டு ஃபிசிக்கல் செக்டார் சைஸ் இன் பைட்ஸ்' என்ற பெயரில், சொற்களுக்கிடையே இடைவெளி இல்லாமல், பலவரி உரை வகையில் ஒரு மதிப்பை உருவாக்கி, அதில் * 4095 என்று எழுதவேண்டும். நட்சத்திரக் குறிக்கும் எண்ணுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. 4096 என்பது எழுத்துப்பிழையாக 4095 ஆகிவிட்டதோ என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். 4095 என்பதே சரி. கணினியை மறுதொடக்கம் செய்தபின் எஃப்எஸ்யூடிலிடம் மறுபடி கேட்டால் இரு வரிகளும் 4096 என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், உங்கள் டிஸ்க் மைக்ரோசாஃப்டின் டிரைவர் வழியாக இயங்காமல் கணினித் தயாரிப்பாளரின் டிரைவர் வழியாக இயங்கக்கூடும். அப்போது அடுத்த வழிக்குப் போகவேண்டும்.

அடுத்த வழி, ரெஜிஸ்ட்ரியே வேண்டாம் என்பவர்களுக்கும் உகந்தது. கணினியில் சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்றைச் சேர்த்து, அதன் செக்டார் அளவு 512 அல்லது 4096 என்று உறுதி செய்துகொண்டு, நிறுவும்போது தரவுக் கோப்புறைகளாக அதைக் காட்டுவது. செலவு உண்டு, ஆனால் தரவு தனி டிஸ்க்கில் இருப்பது எப்படியும் நல்லதே. விண்டோஸ் 10-க்குத் திரும்புவது மூன்றாவது வழி. மாற்றிய 10 நாளுக்குள்தான் அது எளிது, திரும்பினாலும் வந்த காரணம் அப்படியே நிற்கும், நான் பரிந்துரைக்கவில்லை.

தம்பி சொல்லும் ஃபார்மட் எந்தப் பயனும் தராது. புதிதாக விண்டோஸ் 11 போட்டாலும் அதே டிஸ்க் அதே 16384-ஐத்தான் சொல்லும், எக்ஸ்பிரஸ் அதே இடத்தில்தான் விழும். நடுவில் உங்கள் எம்டிஎஃப் கோப்பு மட்டும் போயிருக்கும்.

மறுபடி நிறுவும்போது

செக்டார் சிக்கல் தீர்ந்த பிறகு, தோற்றுப்போன எக்ஸ்பிரஸை நிறுவப்பட்ட மென்பொருள்கள் பட்டியலிலிருந்தே முறையாக நீக்குங்கள். நீங்கள் அழித்த ரெஜிஸ்ட்ரி விசைகளால் அது முரண்டு பிடித்தால், அதே 2022-இன் நிறுவல் கோப்பை வைத்துக்கொண்டு அதன் வழியே நீக்கிப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், நிறுவல் நீக்கச் சிக்கல்களுக்கென மைக்ரோசாஃப்ட் தரும் இலவசக் கருவி இருக்கிறது. கையால் மேலும் விசைகளை அழிக்கவேண்டாம். எக்ஸ்பிரஸ் விட்டுச்சென்ற அரைகுறைக் கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றிவையுங்கள், அதில் பாதி உருவான மாஸ்டர் கோப்பு இருந்தால் புதிய நிறுவலுக்கு இடைஞ்சலாகலாம். பிறகு ஒருமுறை மறுதொடக்கம்.

நிறுவலைத் தொடங்கும்போது 'பேசிக்' என்பதைத் தேர்ந்தெடுக்காமல் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. முன்பு இருந்த எவால்யுவேஷன் பதிப்பு இயல்பு இன்ஸ்டன்ஸாக (தனிப் பெயர் இல்லாத நிறுவலாக) இருந்தது என்பது, உங்கள் கோப்புறைப் பெயர் எம்எஸ்எஸ்கியூஎல்சர்வர் என்று முடிவதிலிருந்து தெரிகிறது. பில்லிங் மென்பொருள் அதைக் கணினியின் பெயரைக் கொண்டே தேடும். எக்ஸ்பிரஸ் தானாக விட்டால் எஸ்கியூஎல்எக்ஸ்பிரஸ் என்ற தனிப் பெயரில் உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் சரியாக நிறுவப்பட்டும் பில்லிங் இணையவில்லை என்று நீங்கள் எனக்கு இரண்டாவது கடிதம் எழுதுவீர்கள். கஸ்டம் முறையில் இயல்பு இன்ஸ்டன்ஸைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சிக்கல் வராது. உள்நுழைவு முறையில் கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்து, சர்வரின் தலைமை நிர்வாகியான எஸ்ஏ பயனருக்கு ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்து, தாளில் எழுதி முதலாளியிடம் கொடுத்துவிடுங்கள்.

பிறகு பழைய எம்டிஎஃப், எல்டிஎஃப் கோப்புகளைப் புதிய 'டேட்டா' கோப்புறைக்குள் பிரதி எடுங்கள். நகர்த்தாதீர்கள், நகர்த்தினால் பழைய அனுமதிகளும் கூடவே வரும், இணைக்கும்போது அணுகல் மறுக்கப்பட்டது என்று 5 என்ற எண்ணோடு பிழை வரும். பிரதி எடுத்தால் புதிய கோப்புறையின் அனுமதிகள் கிடைத்துவிடும். எஸ்கியூஎல் சர்வரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவை நிர்வாகி உரிமையோடு திறந்து, 'அட்டாச்' வழியாக இணைத்து, டிபிசிசி செக்டிபி என்ற சோதனையை ஓட்டிப் பிழை எதுவும் இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 11 மாலை போட்ட கடைசிப் பில் எண் உங்கள் கார்பன் பிரதியில் இருக்கும். அந்த எண் மென்பொருளிலும் தெரிந்தால் நிம்மதியாக டீ குடிக்கலாம்.

இணைப்பதில் ஒரு நிபந்தனை உண்டு. பதிப்பு வேறு, வெளியீட்டு ஆண்டு வேறு. 2022 எவால்யுவேஷனிலிருந்து 2022 எக்ஸ்பிரஸுக்கு வருவது பெரும்பாலும் தடையில்லாதது. தெரியாமல் 2019 எக்ஸ்பிரஸை இறக்கியிருந்தால், தரவுத்தளத்தின் உள் பதிப்பு எண் 957, சர்வர் ஏற்பது 904 வரைதான் என்று சொல்லி மறுத்துவிடும். பின்னோக்கிப் போக வழியே கிடையாது.

தரவு வந்த பிறகும் பில்லிங் உள்ளே விட மறுத்தால் அஞ்சவேண்டாம். சர்வரில் நுழையும் பயனர்கணக்குகள் பழைய மாஸ்டரோடு போய்விட்டன. பில்லிங் நிறுவனத்திடம் அந்தப் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டுப் புதிதாக உருவாக்கி, தரவுத்தளத்துக்குள் இருக்கும் பழைய பயனரோடு பிணைக்கவேண்டும். அவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. உங்கள் மற்ற இரண்டு பில்லிங் கணினிகள் இணையவில்லை என்றால், கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டிசிபி/ஐபி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்பிரஸில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். ஃபயர்வாலில் 1433 போர்ட்டும் திறந்திருக்கவேண்டும்.

எந்தப் பதிப்பு, யார் பொறுப்பு

டெவலப்பர் பதிப்பும் இலவசந்தானே, அதைப் போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுவ முடியும், ஓடும். ஆனால் அதன் உரிமம் மென்பொருள் உருவாக்கவும் சோதிக்கவும் மட்டுமே அனுமதிக்கிறது. கடையில் தினமும் பில் போடுவது அதற்குள் அடங்காது. எவால்யுவேஷனும் அப்படியே. எக்ஸ்பிரஸை வணிகத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி என்பது 2022-இல் அதன் வரம்பு, லாக் கோப்பு அதில் சேராது. உங்கள் எம்டிஎஃப் 2.1 ஜிபி என்று எழுதியிருப்பதால் சில ஆண்டுகள் கவலையில்லை. நினைவகத்தில் சுமார் 1.4 ஜிபி, நான்கு கோர் என்ற எல்லைகளும் மூன்று கணினிகள் உள்ள கடைக்கு இடிக்காது. என்றாவது ஸ்டாண்டர்டு பதிப்பு தேவைப்பட்டால், உரிமம் வாங்கி, நிறுவல் மையத்தில் 'எடிஷன் அப்கிரேட்' வழியாக எக்ஸ்பிரஸிலிருந்து அப்படியே மேலேறலாம். எதையும் நீக்கவேண்டியதில்லை.

முதலாளியிடம் பேசும்போது ஜூன் மாத பில்லையும் எடுத்துப் போங்கள். அதில் எஸ்கியூஎல் உரிமம் என்று தனியாகக் கட்டணம் போட்டிருந்தால், பணம் வாங்கிக்கொண்டு மதிப்பீட்டுப் பதிப்பை நிறுவியது ஏன் என்று விளக்கம் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு, எழுத்துமூலமாகக் கேட்கட்டும். கட்டணம் போடவில்லையென்றாலும், டிசம்பரில் நிற்கப்போகும் ஒன்றை அறிவிக்காமல் விட்டுச்சென்றது அவர்கள் பக்கத்துக் குறையே. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டிய கடமை கடைக்குத்தான் இருக்கிறது, மென்பொருள் விற்றவருக்கு இல்லை. ஆகவே பேக்கப் யார் பொறுப்பு என்பதையும் அதே பேச்சில் முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் தரப்பில் மறைக்க ஒன்றும் இல்லை: பதிப்பை நீக்கியது அவசரமான முடிவு, ஆனால் அதனால் தரவு அழியவில்லை.

எக்ஸ்பிரஸில் ஏஜென்ட் (வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் சேவை) கிடையாது. சனிக்கிழமைதோறும் தானாக பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தது அதுதான்; இனி எடுக்காது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில், எஸ்கியூஎல் சர்வரின் கட்டளைக் கருவியான எஸ்கியூஎல்சிஎம்டி வழியாக பேக்கப் எடுக்கும் ஒரு சிறு கட்டளைக் கோப்பை இரவு ஒன்பது மணிக்கு ஓடும்படி அமைத்து, டி டிரைவில் எழுதச் சொல்லுங்கள். பென் டிரைவுக்கு அதைக் காலையில் பிரதி எடுத்தால் போதும். செருக மறந்த நாளிலும் ஒரு பிரதி கணினியில் இருக்கும்.

எஃப்எஸ்யூடில் இரு வரிகளிலும் 4096 என்று காட்டினால், எர்ரர்லாக் கோப்பின் கடைசி முப்பது வரிகளை எனக்கு அனுப்புங்கள். அதுவரை எக்ஸ்பிரஸை நான்காவது முறை நிறுவவேண்டாம்.